ஒரு நாள், ஒரு வண்டி, கடலோரம்: பறவை பார்க்கப் பழவேற்காடா, மரக்காணமா, கோடியக்கரையா, தனுஷ்கோடியா?

மார்கழி பிறந்ததும் தெரிந்தவர்கள் என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "ஒரே ஒரு நாள்தான் லீவு. வண்டி எடுத்துக்கொண்டு கடலோரமாகப் போய்ப் பறவை பார்க்க வேண்டும். எங்கே போகலாம்?" கேட்பவர்கள் நான்கு பெயர்களை ஏற்கெனவே கையில் வைத்திருப்பார்கள்: பழவேற்காடு, மரக்காணம், கோடியக்கரை, தனுஷ்கோடி. நான்கு ஊரின் படங்களையும் பார்த்திருப்பார்கள். எல்லாப் படத்திலும் பூநாரை (ஃபிளமிங்கோ) நிற்கும். குழப்பம் வராமல் என்ன செய்யும்?

நான் முதல் முறை பழவேற்காட்டுக்குப் போனபோது சென்னையில் டிபனை முடித்துவிட்டுத்தான் கிளம்பினோம். மீஞ்சூர் தாண்டுவதற்குள் லாரிகளுக்கு நடுவே ஒன்றரை மணி நேரம் கரைந்துவிட்டது. ஏரிக்கரையில் இறங்கியபோது மணி பத்தரை. தூரத்தில் இளஞ்சிவப்பாக ஒரு கோடு தெரிந்தது. பைனாகுலரை வைத்தால் அந்தக் கோடு நெளிந்தது. கானல். நிற்பது நூறு பறவையா ஆயிரமா என்றுகூடச் சொல்ல முடியவில்லை. பிறகு ஒரு தை மாதத்தில் விடிவதற்கு முன்பே அந்த ஏரிப் பக்கம் போய் நின்றேன். வாத்துக் கூட்டம் முணுமுணுப்பது போன்ற பூநாரைகளின் சத்தம் தண்ணீர் மேல் மிதந்து வந்தது. வெளிச்சம் ஏற ஏற ஒவ்வொரு கழுத்தாகத் தெரியத் தொடங்கியது.

ஊர் மாறவில்லை, பறவையும் மாறவில்லை. நான் போய்ச் சேர்ந்த நேரம்தான் மாறியது. அதனால் இந்த நான்கையும் ஒப்பிடும்போது முதல் கேள்வியாக இதைத்தான் வைக்கிறேன்: பொழுது விடியும்போது நீங்கள் தண்ணீர் ஓரத்தில் நிற்பீர்களா, இன்னும் வண்டி ஓட்டிக்கொண்டிருப்பீர்களா?

## எதை வைத்து அளப்பது

வெளிச்சம். ஜனவரியில் நம் கரையில் சூரியன் ஏறக்குறைய ஆறரைக்கு எழும். ஒன்பது மணி வரை பார்வை தெளிவாக இருக்கும். அதன் பிறகு சேறும் மணலும் சூடேறிக் காற்று நடுங்கத் தொடங்கும். எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய லென்ஸும் அதை ஒன்றும் செய்ய முடியாது. மாலை நாலு மணிக்கு மேல் மறுபடி ஓர் இரண்டு மணி நேரம் கிடைக்கும். அந்த இரண்டு துண்டு நேரம்தான் நம் கைமுதல். பயணத்தை விடியலுக்கு முன்னோ உச்சி வெயிலிலோ முடித்துக்கொள்ள வேண்டும்.

நீர்மட்டம். இதைப் பலர் யோசிப்பதே இல்லை. பூநாரைக்குக் கால் நீளம்தான். ஆனாலும் அது தலையைக் கவிழ்த்துச் சேற்றைக் கலக்கி வடிகட்டித் தின்னும் பறவை, ஆழம் அதற்கு ஆகாது. சேற்றில் இரை தேடும் சின்னக் கரைப்பறவைகளான உள்ளான்களுக்கோ விரல் ஆழத் தண்ணீர்தான் வேண்டும். வடகிழக்குப் பருவமழை கொட்டித் தீர்த்த வருடம் டிசம்பரில் காயல்கள் ததும்பி நிற்கும், பறவைகள் வேறு இடம் தேடிப் போயிருக்கும். தண்ணீர் வற்றத் தொடங்கும் தை, மாசியில் அவை திரும்பி வரும். ஒரே ஊருக்கு டிசம்பரில் போனவர் "ஒன்றுமே இல்லை" என்றும், பிப்ரவரியில் போனவர் "கண் கொள்ளவில்லை" என்றும் சொன்னால் இருவர் சொல்வதும் உண்மைதான்.

என்ன பறவை. நாம் கடற்பறவை என்று சொல்வதில் பெரும்பகுதி உண்மையில் கரைப்பறவை. பூநாரை, உள்ளான், உப்புக்கொத்தி எல்லாம் கடலை ஒட்டிய சேற்றையும் உப்பங்கழியையும் நம்பி வாழ்பவை. கடல்மேல் பறந்து கடலிலேயே இரை தேடும் ஆலாக்களும் கடற்காகங்களும் வேறு கூட்டம். இரண்டில் எது வேண்டும் என்று முடிவு செய்துவிட்டால் பாதித் தேர்வு முடிந்தது.

அப்புறம், வண்டியை ஓரங்கட்ட இடம் இருக்கிறதா, கூட வரும் அம்மாவுக்கோ குழந்தைக்கோ நிழலும் கழிப்பறையும் கிடைக்குமா என்பது. மறைந்திருக்கும் செலவுகள் ஊருக்கு ஊர் வேறு, அந்தந்த இடத்தில் சொல்கிறேன்.

## பழவேற்காடும் சூலூர்ப்பேட்டைச் சாலையும்

சிலிகாவுக்கு அடுத்து நாட்டின் இரண்டாவது பெரிய உவர்நீர்க் காயல் இது. பெரும்பகுதி ஆந்திராவில் இருக்கிறது. வங்கக் கடலுக்கும் ஏரிக்கும் நடுவே ஸ்ரீஹரிகோட்டா தீவு ஒரு வரப்பு போலக் கிடக்கிறது. சென்னையிலிருந்து இதற்கு இரண்டு வாசல்கள். தெற்கு வாசல் பொன்னேரி வழியாகப் பழவேற்காடு ஊர், சுமார் 60 கி.மீ. வடக்கு வாசல் கொல்கத்தா நெடுஞ்சாலையில் சூலூர்ப்பேட்டை, சுமார் 85 கி.மீ. அங்கிருந்து ஸ்ரீஹரிகோட்டாவுக்குப் போகும் சாலை ஏரியைக் குறுக்கே வெட்டிக்கொண்டு கிழக்கே போகிறது.

தூரம் கூடுதல் என்றாலும் காலைக்கு நான் வடக்கு வாசலைத்தான் சொல்வேன். சாலையின் இரண்டு பக்கமும் தண்ணீர். குளிர்காலத்தில் சூரியன் தெற்கே சாய்ந்து போவதால், சாலைக்கு வடக்கே நிற்கும் பறவைகள் மேல் பகல் முழுக்க வெளிச்சம் நேராக விழும். வண்டியை விட்டு இறங்காமலே பார்க்கலாம். தெற்கு வாசலில் அண்ணாமலைச்சேரி போன்ற இடங்கள் ஏரியின் மேற்குக் கரையில் இருக்கின்றன. காலையில் சூரியன் கண்ணைக் குத்தும், பறவைகள் வெறும் நிழலாகத் தெரியும். அதே இடத்துக்கு மாலை நாலரைக்குப் போனால் சூரியன் முதுகுப் பக்கம் இருக்கும். இறக்கையின் சிவப்பு அப்போதுதான் பற்றி எரியும்.

ஆகவே ஒரு நாளை இப்படிப் பிரிக்கலாம். அதிகாலை நாலு, நாலரைக்குச் சென்னையில் கிளம்பி விடியலில் சூலூர்ப்பேட்டைச் சாலை. ஒன்பதரைக்கு மேல் வடக்கே 20 கி.மீ. தள்ளி இருக்கும் நேலப்பட்டு சரணாலயம். அங்கே மரங்களில் கூடு கட்டும் கூழைக்கடாக்களைப் பார்க்க உச்சி வெயில் தடையில்லை, நிழல் இருக்கிறது. மாலை திரும்பும்போது பொன்னேரிப் பக்கம் விலகி அண்ணாமலைச்சேரி. மொத்தம் ஏறக்குறைய 280 கி.மீ. ஓட வேண்டியிருக்கும். ஒருவரே ஓட்டினால் கடைசி ஐம்பது கிலோமீட்டர் கண்ணைக் கட்டும், மாற்றி ஓட்ட ஆள் இருப்பது நல்லது.

கணக்கில் வராத செலவுகள் சில. வாடகைக் காரில் போனால் ஆந்திர எல்லையைத் தாண்ட அனுமதிக் கட்டணம் தனி. டிரைவரிடம் முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். ராக்கெட் ஏவும் நாளில் ஸ்ரீஹரிகோட்டாச் சாலையில் கெடுபிடி இருக்கும், ஒரு நாள் லீவு அப்படியே போய்விடும். தீவின் நுழைவாயிலுக்கு அருகே கேமராவைத் தூக்காதீர்கள். பழவேற்காட்டில் குடும்பத்தோடு உட்கார்ந்து சாப்பிடுகிற மாதிரிக் கடைகள் குறைவு, கட்டுச்சோறு உத்தமம்.

இன்னொன்று படகு. 2011 டிசம்பர் 25 அன்று இங்கே படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு சுற்றுலாப் படகுகளுக்குத் தடை வந்தது. இருந்தும் கரையில் யாராவது "பக்கத்தில் கூட்டிப் போய்க் காட்டுகிறேன்" என்று கூப்பிடலாம். தயவுசெய்து ஏறாதீர்கள். பூநாரைக் கூட்டத்துக்கு நடுவே மோட்டார் படகை விடுவது பறவைகளுக்கும் கொடுமை.

பழவேற்காடு ஊருக்குள் போனால் டச்சுக்காரர் கல்லறைத் தோட்டத்துக்கு அரை மணி நேரம் ஒதுக்கலாம். 1613-ல் அவர்கள் இங்கே கெல்ட்ரியா கோட்டையைக் கட்டினார்கள். இன்று கோட்டை மண்மேடு. கல்லறை வாசலில் செதுக்கியிருக்கும் எலும்புக்கூட்டு உருவங்களைப் பார்த்தால் குழந்தைகள் வீடு வரும் வரை கேள்வி கேட்பார்கள்.

இது யாருக்குப் பொருந்தும்? சென்னையில் இருப்பவர்களுக்கு, ஜனவரி முதல் மார்ச் வரை, அதிகாலை எழ முடியும் என்றால்.

## ஈசிஆர் என்ற கிழக்குக் கடற்கரைச் சாலை: கோவளம் முதல் மரக்காணம் வரை

நான்கில் எளிதானது இதுதான். நல்ல சாலை, வழி நெடுக டீக்கடை, கழிப்பறை, பெட்ரோல் பங்க். முட்டுக்காடு, கேளம்பாக்கம் உப்பங்கழி, ஓதியூர்க் காயல், கடப்பாக்கம் பக்கத்து ஆலம்பரைக் கோட்டை, மரக்காணம் உப்பளங்கள், அதை ஒட்டிய கழுவெளி என்று தண்ணீர் விட்டு விட்டு வந்துகொண்டே இருக்கும். சென்னையிலிருந்து மரக்காணம் சுமார் 120 கி.மீ.

ஆனால் எல்லோரும் செய்யும் தவறு ஒன்று உண்டு. வடக்கிலிருந்து வரிசையாக ஒவ்வொரு இடமாக நின்று நின்று போவார்கள். மாமல்லபுரத்தில் டிபன், கொஞ்சம் கடற்கரை. மரக்காணம் வரும்போது மணி பதினொன்று ஆகியிருக்கும். இந்தப் பாதையின் உயிரே மரக்காணமும் கழுவெளியும்தான், அவை கானலில் போய்விடும். தலைகீழாகப் போங்கள். இருட்டோடு கிளம்பி எங்கும் நிற்காமல் நேராக மரக்காணம். விடியலில் உப்பளம், பிறகு கழுவெளி. அப்புறம் வடக்கே திரும்பி ஆலம்பரை, ஓதியூர், மாலையில் கேளம்பாக்கம். ஞாயிறு மாலை பாண்டிச்சேரியிலிருந்து திரும்பும் வண்டி வரிசைக்கு முன்பே நீங்கள் ஊர் எல்லைக்கு வந்திருப்பீர்கள் என்பது கூடுதல் லாபம்.

கழுவெளி பெரிய சதுப்புநிலம். 2021-ல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டு, 2024-ல் உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. கடலை நோக்கிய பக்கம் உப்புத்தண்ணீர், உள்ளே போகப்போக நன்னீர். அதனால் உள்ளானும் வாத்தும் ஒரே காலையில் கிடைக்கும். மரக்காணம் உப்பளங்களில் மழைக்குப் பிறகு, உப்பு வேலை தொடங்கும் வரை பாத்திகளில் தண்ணீர் நிற்கும். நவம்பர், டிசம்பரில் பழவேற்காடு ததும்பும்போது இங்கே ஆழம் குறைந்த பாத்தி எங்காவது இருக்கும் என்பதுதான் இந்தப் பாதையின் பெரிய பலம். ஒன்றே ஒன்று: உப்பளம் ஒருவருடைய பிழைப்பு. வரப்பின் மேல் வண்டியை ஏற்றக் கூடாது. நடந்து போவதாக இருந்தாலும் அங்கே வேலை செய்பவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போனால் போதும். "அந்தப் பக்கம் போங்க, நிறைய உட்கார்ந்திருக்கு" என்று அவர்களே வழி காட்டியது எனக்குப் பல முறை நடந்திருக்கிறது.

சுங்கக் கட்டணம், வேகக் கேமரா அபராதம், சாலை அகலப்படுத்தும் வேலையால் வரும் தாமதம் ஆகியவை கையைக் கடிக்கும். அதைவிடப் பெரிய செலவு கவனச்சிதறல். போகிற வழியெல்லாம் கடற்கரையும் ஹோட்டலும் பூங்காவும் கூப்பிடும். பறவைக்கென்று கிளம்பிய நாள் சுற்றுலாவாக முடிந்துவிடும். உங்கள் வீட்டில் அது பரவாயில்லை என்றால் குறையொன்றும் இல்லை.

முதல் முறை பைனாகுலர் பிடிப்பவர்கள், கைக்குழந்தையோ வயதானவர்களோ கூட வருபவர்கள் இதையே எடுக்கலாம். மழை வலுத்துக் கடலோரம் எங்கும் ஆழமாகிவிட்டால், உள்நாட்டுப் பக்கம் விலகி வேடந்தாங்கலில் நாளை முடிக்கலாம் என்ற மாற்று வழியும் இந்தப் பாதையில் இருக்கிறது.

## கோடியக்கரை

கிழக்கைப் பார்த்தபடி இறங்கி வரும் கரை சட்டென்று மேற்கே திரும்பும் முனை இது. ஒரு பக்கம் வங்கக் கடல், மறுபக்கம் பாக் நீரிணை. நடுவே உலர் பசுமைமாறாக் காடு, புல்வெளி, பரந்து கிடக்கும் உப்புச் சதுப்பு. ஒரே நாளில் காட்டு விலங்கும் கரைப்பறவையும் வேண்டும் என்றால் நம் கரையில் இதற்கு இணை கிடையாது.

1967-ல் சரணாலயமானது வெளிமானுக்காகத்தான். முறுக்கிய கொம்போடு ஆண் மான் புல்வெளியில் நிற்க, பின்னால் காட்டுத்தனமாகத் திரியும் குதிரைகள் மேய, அதற்கும் பின்னால் சதுப்பில் பூநாரை தெரியும். நரியும் புள்ளிமானும் காட்டுப்பன்றியும் உண்டு. 2002-ல் ராம்சர் தகுதி வந்தது, தமிழகத்தில் அந்தப் பட்டியலில் முதலில் சேர்ந்த இடம் இதுதான். பறவையியலாளர் சாலிம் அலி வந்து ஆய்வு செய்த ஊர். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் இங்கே பல பத்தாண்டுகளாகப் பறவைகளின் காலில் அடையாள வளையமிட்டு வருகிறது. கொசு உள்ளான் என்றொரு பறவை இங்கே கூட்டம் கூட்டமாக வரும். முப்பது கிராம்கூட எடை இருக்காது. ஆர்க்டிக் வட்டத்தை ஒட்டிய தரையில் பொரித்து, இங்கே வந்து குளிர்காலத்தைக் கழித்துவிட்டுத் திரும்புகிறது. அது உப்புச் சேற்றில் தையல் எந்திரம் போலக் குத்திக் குத்தி ஓடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றால் நேரம் போவதே தெரியாது. அக்டோபரில் காட்டுப் பகுதிக்குள் ஆறுமணிக்குருவிகள் வலசை வழியில் இறங்கும். அந்த ஒரு பறவைக்காகவே அந்த மாதத்தில் வருபவர்கள் உண்டு.

வேதாரண்யத்திலிருந்து வரும் வழியில் அகஸ்தியம்பள்ளியில் உப்பு சத்தியாக்கிரக நினைவிடம் இருக்கிறது. 1930-ல் ராஜாஜி திருச்சியிலிருந்து நடந்து வந்து உப்பு அள்ளிய இடம். அன்று மனிதர்கள் உப்புக்காக வந்த சதுப்புக்கு இன்றும் பறவைகள் வருகின்றன. சில நிமிடம் இறங்கிப் பார்க்கலாம். 2018 நவம்பரில் கஜா புயல் இந்தப் பகுதியைப் புரட்டிப் போட்டது. காட்டில் விழுந்த மரங்களின் இடத்தைப் பிடிக்கச் சீமைக்கருவேலம் எப்போதும் காத்திருக்கிறது. காட்டைப் பார்க்கும்போது அதையும் சேர்த்தே பாருங்கள்.

சரி, சிக்கல் என்ன? தூரம். சென்னையிலிருந்து 350 கி.மீ.க்கு மேல். ஒரே நாளில் போய்த் திரும்புவது பறவை பார்ப்பது ஆகாது, வண்டி ஓட்டுவது மட்டும்தான் நடக்கும். முந்தின இரவே வேதாரண்யத்தில் தங்கினால்தான் கணக்குச் சரியாகும். அப்படியானால் இது ஒரு நாள் பயணமே இல்லை, ஒன்றரை நாள், ஓர் அறை வாடகை. தஞ்சாவூர்க்காரர்களுக்குக் கதை வேறு. மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி வழியாக 110 கி.மீ. போலத்தான். நாலு மணிக்குக் கிளம்பினால் விடியலில் அங்கே இருக்கலாம்.

வனத்துறை வாயிலில் அனுமதி வாங்க வேண்டும். அது எத்தனை மணிக்குத் திறக்கும் என்று முதல் நாளே கேட்டு வையுங்கள், இல்லையென்றால் விடியல் வாயிலுக்கு வெளியே கழியும். சதுப்பின் உட்பகுதிகளும் உப்பு நிறுவன நிலங்களும் நினைத்தபடி நுழையக் கூடியவை அல்ல. மழைக்குப் பிறகு மண் பாதையில் சின்னக் கார் சிக்கிக்கொள்ளும். உள்ளே சாப்பாடு கிடையாது என்று நினைத்துக்கொண்டே கிளம்புங்கள். பையில் சாப்பாடு இருப்பது தெரிந்தால் குரங்குகள் விடாது. முத்துப்பேட்டை அலையாத்திக் காடு பக்கம்தானே, அதையும் சேர்த்துவிடலாமா என்று தோன்றும். வேண்டாம். அதற்குத் தனி நாள் வேண்டும்.

## தனுஷ்கோடி

கடற்பறவை என்ற சொல்லை அதன் முழுப் பொருளில் எடுத்துக்கொண்டால், கரையில் நின்றபடியே அதைப் பார்க்க இந்த நான்கில் இதுதான் இடம். தென்மேற்குப் பருவக்காற்று அடிக்கும் ஜூன் முதல் செப்டம்பர் வரை, ராமர் பாலத்து மணல் திட்டுகளை நம்பி வாழும் ஆலா வகைகள், தனுஷ்கோடி நிலம் முடியும் அரிச்சல்முனைக்கு எதிரே பறக்கும். குளிர்காலத்தில் வடக்கிலிருந்து வரும் கடற்காகங்கள் மணலில் வரிசை கட்டி உட்காரும். கோதண்டராமர் கோயில் பக்கத்துத் தேங்கிய நீரில் பூநாரை நிற்கும். 2025 ஜூனில் தமிழக அரசு தனுஷ்கோடியில் பெரும்பூநாரைச் சரணாலயத்தை அறிவித்தது.

1964 டிசம்பர் புயலுக்குப் பிறகு பல பத்தாண்டுகள் மணலில் ஜீப்பில்தான் போக முடிந்தது. 2017-ல் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை வந்தது. சாலையின் ஒரு பக்கம் பாக் நீரிணை, மறுபக்கம் மன்னார் வளைகுடா. பெண் கடல், ஆண் கடல் என்று அங்கே சொல்வார்கள். பறவை பார்ப்பவருக்கு இது பெரிய வசதி. ஒரு பக்கம் வெயில் எதிரே அடித்தால் திரும்பி நின்று மறு கடலைப் பார்க்கலாம்.

மதுரையிலிருந்து ராமேசுவரம் சுமார் 170 கி.மீ., அரிச்சல்முனைக்கு இன்னும் இருபத்தைந்து போல. மதுரைக்காரர்கள் பின்னிரவு இரண்டரைக்குக் கிளம்பினால் விடியலைப் பிடிக்கலாம். அந்த நேரத்து ஓட்டம் எனக்குப் பிடிக்காது. தூக்கக் கலக்கத்தில் ஓட்டுவதைவிட ராமேசுவரத்தில் ஓர் இரவு தங்குவது மேல். இருட்டிய பிறகு தனுஷ்கோடிச் சாலையில் இருக்க விட மாட்டார்கள், மாலை வெளிச்சத்தின் கடைசித் துளி நமக்கு இல்லை. காலை ஒன்பதுக்கு மேல் வேன்கள் வரத் தொடங்கினால் அரிச்சல்முனை திருவிழாக் கூட்டம்தான். ஆடி அமாவாசை, தை அமாவாசையை ஒட்டிய நாட்களில் வண்டி நகராது, அறை வாடகையும் ஏறிவிடும். பஞ்சாங்கத்தைப் பார்த்துவிட்டுத் தேதி குறியுங்கள்.

சாலையை விட்டு ஓரம் இறங்கினால் சக்கரம் மணலில் புதையும். உப்புக் காற்று கேமராவின் ஒவ்வொரு இடுக்கிலும் நுழையும். திரும்பியதும் வண்டியின் அடிப்பகுதியை நல்ல தண்ணீரில் கழுவியாக வேண்டும். நிழல் என்பதே கிடையாது, காற்று மணலை முகத்தில் அறையும். குழந்தைகளுக்கு ஒரு மணி நேரம் ஆனந்தம், அதற்கு மேல் வேதனை. திரும்பும் வழியில் ராமநாதபுரம் பக்கத்துச் சக்கரக்கோட்டைக் கண்மாய், 2025-ல் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது, மாலையை நிரப்பக் கைகொடுக்கும்.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்

| | பழவேற்காடு | ஈசிஆர் | கோடியக்கரை | தனுஷ்கோடி |
|---|---|---|---|---|
| எங்கிருந்து | சென்னை, 60–85 கி.மீ. | சென்னை, 120 கி.மீ. | தஞ்சாவூர், 110 கி.மீ. | மதுரை, 195 கி.மீ. |
| இரவு தங்காமல் விடியல் | கிடைக்கும் | கிடைக்கும் | தஞ்சைக்காரருக்கு மட்டும் | சிரமம் |
| நல்ல மாதங்கள் | ஜனவரி–மார்ச் | நவம்பர்–பிப்ரவரி | அக்டோபர்–பிப்ரவரி | ஜனவரி–மார்ச். கடலாலாக்களுக்கு ஜூன்–செப்டம்பர் |
| முக்கியமாக | பூநாரை, கூழைக்கடா | உள்ளான், வாத்து | வெளிமான், கரைப்பறவைகள் | ஆலா, கடற்காகம் |
| வண்டியிலிருந்தே பார்க்க | மிக நன்று | ஓரளவு | ஓரளவு | ஓரளவு |
| குழந்தை, முதியவர் | சுமார் | நன்று | சுமார் | கடினம் |
| மறைந்த செலவு | எல்லை அனுமதி, ராக்கெட் நாள் | சுங்கம், நெரிசல் | அறை, வாயில் நேரம் | அறை, உப்பு, அமாவாசை |

## பறவைக்கு ஆகும் செலவு

இது அட்டவணையில் அடங்காது. ஆனால் இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது நான் இதையும் பார்ப்பேன். மார்ச்சில் கரைப்பறவைகள் வடக்கே கிளம்பத் தயாராகும். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறப்பதற்கான கொழுப்பை இந்தச் சேற்றில்தான் சேர்க்கின்றன. ஒரு படத்துக்காக நாம் கூட்டத்தைக் கிளப்பிவிட்டால் சேர்த்ததில் ஒரு பங்கு அங்கேயே எரிந்துபோகும். கை தட்டிப் பறக்கவிட்டு வீடியோ எடுப்பவர்களை ஒவ்வொரு வருடமும் பார்க்கிறேன், வயிறு எரிகிறது.

இதில் சூலூர்ப்பேட்டைச் சாலைக்கு ஒரு நற்பேறு. வண்டிகள் ஓடுவது அங்கே பறவைக்குப் பழகிப்போன காட்சி. காருக்குள் இருக்கும் வரை அவை நம்மைக் கண்டுகொள்வதில்லை. கதவைத் திறந்து கால் வைத்ததும் கழுத்துகள் நிமிரும். எஞ்சினை அணைத்து, கண்ணாடியைப் பாதி இறக்கி, லென்ஸுக்கு அடியில் ஒரு துண்டை மடித்து வைத்து உட்கார்ந்துவிடுங்கள். பத்து நிமிடத்தில் உப்புக்கொத்திகள் தாமாகவே சாலை ஓரம் வரை வரும். தனுஷ்கோடியில் மணலில் உட்கார்ந்திருக்கும் கடற்காகங்களை நோக்கி நேராக நடக்காமல், ஓரிடத்தில் உட்கார்ந்து காத்திருப்பதே சரி. ட்ரோனை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.

## இன்னும் முடிவு வரவில்லை என்றால்

சென்னையில் இருக்கிறீர்கள், டிசம்பர் கடைசி வாரம், நல்ல மழை பெய்த வருடம் என்றால் ஈசிஆர், அதுவும் தலைகீழாக. வீட்டில் எழுபது வயது அப்பா வருகிறார் என்றாலும் அதே பதில்தான், மாதம் எதுவாக இருந்தாலும். திருச்சி, தஞ்சைப் பக்கம் இருப்பவர்கள் வேறு எதையும் யோசிக்காமல் கோடியக்கரைக்குக் கிளம்புங்கள். பறவைப் பட்டியல் எழுதுகிறவர், ஆலா வகைகளில் இன்னும் பார்க்காதவை இருக்கின்றன என்றால் ஆடி மாதக் காற்றில் தனுஷ்கோடி. அமாவாசையை மட்டும் தவிர்த்துவிடுங்கள்.

எனக்கே அந்த ஒரு நாள் கிடைத்தால் பிப்ரவரியில் ஒரு வார நாளைக் குறித்துக்கொள்வேன். ராக்கெட் எதுவும் அன்று கிளம்பவில்லை என்று முந்தின இரவே பார்த்துவிட்டு, எலுமிச்சை சாதத்தைக் கட்டி வைத்துக்கொண்டு, நாலு மணிக்குச் சூலூர்ப்பேட்டைக்கு வண்டியை எடுப்பேன்.